சம்பளச் சீட்டை விட்டுக் காட்டுக்குப் போனவர்கள்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் பேசியதன் விரிவான எழுத்து வடிவம்)

தொழில் மாற்றம் பற்றிய எங்கள் தொலைக்காட்சி அரங்கத்தின்போது நிறைய அழைப்புகள் வந்தன. அவற்றில் ஒன்று அரங்கில் இருந்த எல்லாரையும் சற்று நேரம் பேசவிடாமல் செய்துவிட்டது. அழைத்தவர் ஒரு தாயார். "என் மகன் வங்கியில அதிகாரியா இருக்கான். ஆறாயிரம் வெள்ளி சம்பளம். வேலைய விட்டுட்டு காட்டு விலங்குகள படம் பிடிக்கப் போறேன்னு சொல்றான். நான் என்ன தம்பி சொல்றது?" என்று கேட்டார்.

விளம்பர இடைவேளைக்கு முன் எனக்குக் கிடைத்தது நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாயாரின் பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். "கால் காசானாலும் கவர்மெண்டு காசு" என்று சொல்லி வளர்த்த சமூகம் நம்முடையது. தாத்தா பால்மரம் வெட்டினார், அப்பா லோரி ஓட்டினார், பிள்ளை கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறான். இந்த மூன்று படிகளை ஏற நமக்கு அறுபது, எழுபது ஆண்டுகள் பிடித்தன. பிள்ளை மறுபடியும் காட்டுக்குள் போகிறேன் என்றால் பெற்றவளுக்கு அது இறங்குமுகமாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆகவே "பெற்றோர்களுக்குப் புரியவில்லை" என்று இளைஞர்கள் சலித்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. அவர்களுக்கு நன்றாகவே புரிகிறது. மாதச் சம்பளம் இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதே சமயம், இப்படிப் போனவர்கள் எல்லாரும் கெட்டுப்போகவில்லை என்பதற்கும் சான்றுகள் உள்ளன.

தமிழர்களில் இந்தப் பாதைக்கு முன்னோடி மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்த இவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கர்நாடகப் பகுதியில் இருந்த சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் பல பொறுப்புகளில் வேலை பார்த்தார். 1949இல் அந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு, எழுத்தையும் புகைப்படத்தையும் மட்டுமே நம்பி வாழ்வது என்று முடிவு செய்தார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி, 1996இல் அவர் இறக்கும்வரை வந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 46 ஆண்டுகள்! யானைகளையும் காட்டெருமைகளையும் கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். அதற்குப் பயன்படுத்திய கேமராவைப் பல பாகங்களைச் சேர்த்து அவரே அமைத்துக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். 1960இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆனால் பணக்காரராக அவர் வாழவில்லை. இதை இளைஞர்களிடம் மறைக்கக் கூடாது.

அடுத்த தலைமுறையில் கல்யாண் வர்மா. பெங்களூரில் யாஹூ நிறுவனத்தில் கணினித் துறையில் இருந்தவர். 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் வேலையை விட்டுக் காட்டுக்குப் போனார். போன உடனே படம் விற்றுப் பிழைத்தார் என்று நினைக்க வேண்டாம். கர்நாடகத்தின் பி.ஆர். மலைக் காட்டில் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டியாகத் தங்கி, காட்டைப் படித்தார். பிற்காலத்தில் அமோகவர்ஷாவுடன் சேர்ந்து 'வைல்ட் கர்நாடகா' என்ற ஆவணப் படத்தை இயக்கினார். டேவிட் ஆட்டன்பரோவின் குரலில் அது 2020இல் இந்தியத் திரையரங்குகளுக்கே வந்தது. பார்க்கிறவர்களுக்குத் திரையரங்கு தெரிகிறது, இடையில் கழிந்த பதினைந்து ஆண்டுகள் தெரிவதில்லை.

இன்னொருவர் உலகமே அறிந்த செபஸ்தியாவ் சல்காடோ. பிரேசில் நாட்டவர், பொருளாதார நிபுணர். லண்டனில் அனைத்துலகக் காப்பி அமைப்பில் நல்ல பதவியில் இருந்தார். வேலை நிமித்தம் ஆப்பிரிக்காவுக்குப் போகும்போதெல்லாம் மனைவி லேலியாவின் கேமராவை எடுத்துச் சென்றார். அறிக்கை எழுதுவதைவிடப் படமெடுப்பதே தமக்குப் பிடிக்கிறது என்று கண்டு, 1973இல் வேலையை விட்டார். தொழிலாளர்கள், அகதிகள் என்று மனிதர்களைத்தான் நெடுங்காலம் படம் பிடித்தார். விலங்குகளையும் தொடப்படாத நிலங்களையும் எடுத்த 'ஜெனசிஸ்' வரிசையை 2004இல் தொடங்கியபோது அவருக்கு அறுபது வயது. அதற்கு முன்பே, 1998இல், தம் தகப்பனாரின் பொட்டலாகிப்போன மாட்டுப் பண்ணையில் லேலியாவோடு சேர்ந்து மரம் நடத் தொடங்கியிருந்தார். இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே எழுந்தன. 2025 மே மாதம் அவர் மறைந்தபோது உலகப் பத்திரிகைகள் படங்களோடு அந்தக் காட்டைப் பற்றியும் எழுதின.

இனி, முக்கியமான ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். காட்டு விலங்குகளைப் படம் பிடிப்பது வேறு, அவற்றைக் காக்கப் படம் பிடிப்பது வேறு. முதலாவதில் அழகான படம் கிடைத்ததும் வேலை முடிகிறது. இரண்டாவதில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது. அந்தப் படம் யார் கண்ணில் பட வேண்டும், பட்டால் என்ன மாறும் என்பதே கேள்வி. இது இன்று நேற்றுத் தோன்றியதல்ல. 1871இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த யெல்லோஸ்டோன் படங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தில் காட்டப்பட்டு, அடுத்த ஆண்டே அது தேசியப் பூங்கா ஆனது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் மைக்கேல் நிக்கோல்ஸ் எடுத்த படங்களைப் பார்த்த காபோன் நாட்டு அதிபர், 2002இல் ஒரே மூச்சில் 13 தேசியப் பூங்காக்களை அறிவித்தார். இத்தகைய புகைப்படக்காரர்களுக்கென்று ஓர் அனைத்துலகக் கூட்டமைப்பு 2005இல் உருவானது.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் நாகாலாந்தில் இருக்கிறது.

அமூர் வல்லூறு என்று ஒரு பறவை. ஒரு புறாவின் எடைகூட இருக்காது, ஏறக்குறைய 150 கிராம்தான். சைபீரியாவிலும் வடசீனத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்திற்குத் தென் ஆப்பிரிக்கா வரை பறந்து போகும். போகும் வழியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இந்தியாவின் வடகிழக்கில் இறங்கி, ஈசல்களைத் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். அரபிக்கடலை நிற்காமல் கடக்க வேண்டுமே! நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் தோயாங் அணைக்கட்டு ஏரியின் கரையில் இவை இலட்சக்கணக்கில் கூடும்.

2012 அக்டோபரில் நான்கு பேர் அங்கே போனார்கள். அவர்களில் ஒருவர் ராம்கி ஸ்ரீனிவாசன். தொழில்நுட்பத் துறையிலிருந்து இயற்கைப் பாதுகாப்புக்கு வந்தவர், சென்னையைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் சேகர் தத்தாத்ரியுடன் சேர்ந்து 'கன்சர்வேஷன் இந்தியா' என்ற அமைப்பை நிறுவியவர். இன்னொருவர் பானோ ஹராலு. இவர் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர், தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்து சொந்த ஊரான நாகாலாந்துக்குத் திரும்பியவர் என்பதை இங்கே சற்றுப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பறவை ஆய்வாளர்களான ஷஷாங்க் தால்வியும் ரொக்கோஹேபி குவோட்சுவும் மற்ற இருவர்.

அவர்கள் கண்டது இதுதான். பறவைகள் இரவு தங்கும் மரங்களுக்கிடையே மீன்பிடி நைலான் வலைகள் உயரமாகக் கட்டப்பட்டிருந்தன. விடியும்போது ஆயிரக்கணக்கான பறவைகள் சிக்கித் தொங்கின. உயிரோடு கொசுவலைகளில் அடைத்து, பிறகு கொன்று, சிறகைப் பறித்து, கம்பில் கோத்து ஊருக்குள் விற்றார்கள். நாளொன்றுக்கு 12,000 முதல் 14,000 பறவைகள். அந்தப் பருவத்தில் மட்டும் 1,20,000 முதல் 1,40,000 வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எல்லாவற்றையும் படமாகவும் காணொளியாகவும் பதிவு செய்து, நவம்பர் தொடக்கத்தில் வெளியிட்டார்கள்.

அதைப் பார்த்த யாரும் மறந்திருக்க முடியாது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படங்களில் எந்த அழகும் கிடையாது. போட்டிக்கு அனுப்பினால் பரிசு கிடைக்குமா என்பதே சந்தேகம். ஆனால் எங்கே, எப்போது, எத்தனை, எப்படி என்ற நான்கு கேள்விகளுக்கும் அவை பதில் சொல்லின. "அப்படியெல்லாம் நடக்கவில்லை" என்று எந்த அதிகாரியும் சொல்ல வழியில்லாமல் போனது.

அடுத்த ஆண்டு, 2013இல், அதே இடத்தில் ஒரு வல்லூறுகூட வலையில் பிடிபடவில்லை. ஒரே ஆண்டில்! வனத்துறையும் அரசாங்கமும் முடுக்கிவிடப்பட்டன என்பது ஒரு காரணம். ஆனால் உண்மையான காரணம் பாங்தி முதலிய கிராமங்களின் மக்கள்தான். கிராம மன்றங்கள் கூடித் தடை விதித்தன, தேவாலயங்களில் பேசப்பட்டது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. அந்த மக்கள் பொழுதுபோக்குக்காகப் பறவை பிடித்தவர்கள் அல்லர். அணை கட்டியபோது அவர்களின் விளைநிலங்கள் நீரில் மூழ்கிப்போயின. மீனும் பறவையும்தான் கைக்காசாக இருந்தன. படம் எடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிடலாம். வலையைக் கழற்றியவர் அடுத்த மாத அரிசிக்கு வேறு வழி தேட வேண்டும். ஆகவே இந்த வெற்றியின் பெரிய பங்கை நான் அந்த மக்களுக்கே கொடுப்பேன்.

2013 நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விட்டார்கள். நாகா, வோக்கா, பாங்தி என்று ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். பாங்தி கிராமத்துக்காரர் ஒருவருக்குத் தம் ஊர்ப் பெயரைச் சுமந்த பறவை ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது என்ற செய்தி எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை கறியாக இருந்தது, இன்று ஊரின் பிள்ளை ஆகிவிட்டது.

சரி, இனிக் காசு விஷயத்துக்கு வருவோம். அந்தத் தாயாரின் கேள்வியின் உள்ளே இருந்தது இதுதான்.

ஆறாயிரம் வெள்ளிச் சம்பளக்காரருக்கு மாதந்தோறும் ஊழியர் சேமநிதியில் முதலாளி போடுவது 12 விழுக்காடு, அதாவது 720 வெள்ளி. தாமே போடுவது 11 விழுக்காடு, 660 வெள்ளி. வேலையை விட்ட மறுமாதமே இந்த 1,380 வெள்ளி நின்றுவிடும். மருத்துவ அட்டையும் போய்விடும். வீட்டுக் கடன், கார் கடன், படிப்புக் கடன் எதுவும் நிற்காது. சுயமாகத் தொழில் செய்பவர்கள் சேமநிதியில் தாமே விரும்பிப் போட வழி உண்டு, அதற்கு அரசாங்கம் ஓரளவு ஊக்கத் தொகையும் சேர்க்கிறது. சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017 முதல் இருக்கிறது. இவற்றைப் பற்றி விசாரிக்காமல் ராஜினாமாக் கடிதம் எழுதுபவர் துணிச்சல்காரர் அல்லர், அலட்சியக்காரர்.

கருவிச் செலவும் சாதாரணமல்ல. தூரத்துப் பறவையை நெருக்கமாகக் காட்டும் பெரிய லென்ஸ் ஒன்று மட்டும் ஒரு மைவி காரின் விலைக்கு நிற்கும். நம் மழைக்காட்டு ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சணம் பிடிக்காமல் பாதுகாப்பதே ஒரு தனி வேலை.

வருமானம் எங்கிருந்து வரும்? படம் விற்று வாழலாம் என்ற காலம் மலையேறிவிட்டது. இணையத்தில் ஒரு படத்தைச் சில வெள்ளிக்கு வாங்கலாம், பலர் சும்மாவே எடுத்துக்கொள்கிறார்கள். இன்று இத்துறையில் இருப்பவர்கள் நாலைந்து வாய்க்கால்களிலிருந்து தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பயிற்சிப் பட்டறை நடத்துகிறார்கள். சுற்றுப்பயணிகளைக் காட்டுக்கு அழைத்துச் செல்கிறார்கள். பாதுகாப்பு அமைப்புகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஆவணப்படம் எடுத்துத் தருகிறார்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். வார இறுதியில் கல்யாணப் படமும் எடுக்கிறார்கள், அதில் ஒரு கேவலமும் இல்லை.

இங்கேதான் அலுவலக அனுபவம் கைகொடுக்கிறது என்பது என் கருத்து. வங்கியில் இருந்தவருக்கு வரவு செலவுத் திட்டம் போடத் தெரியும், மானிய விண்ணப்பம் எழுதத் தெரியும், கூட்டத்தில் அதிகாரியிடம் எப்படிப் பேசுவது என்றும் தெரியும். புலியின் பின்னால் அலையும் பலருக்கு இது வராது. ஆகவே அந்தப் பத்தாண்டு வேலை வீண் என்று எந்த இளைஞரும் நினைக்க வேண்டாம்.

நம் நாட்டில் இதற்குத் தேவை இருக்கிறதா என்று அரங்கில் ஒரு பெரியவர் கேட்டார். இருக்கிறது, அவசரமாகவே இருக்கிறது. நம் தேசியச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் மலாயாப் புலி, 1950ஆம் ஆண்டுகளில் சுமார் 3,000 இருந்ததாகச் சொல்வார்கள். 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பில் காட்டில் மீந்திருப்பவை 150க்கும் குறைவு என்று தெரியவந்தது. சபாவில் கடைசி சுமத்திராக் காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் இறந்தது. அதோடு மலேசியாவில் அந்த இனமே இல்லாமல் போனது. அதன் படங்கள் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வேட்டைக்காரர்கள் கம்பிக் கண்ணி வைக்கிறார்கள், அதில் புலியும் சிக்கும், கேளை ஆடும் சிக்கும், தாப்பிரும் சிக்கும். தீபகற்பத்தில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தி, உச்ச அபராதத்தைப் பத்து இலட்சம் வெள்ளியாகவும் சிறைத் தண்டனையைப் பதினைந்து ஆண்டுகளாகவும் உயர்த்தினார்கள். ஆனால் காட்டுக்குள் நடப்பதைப் பொதுமக்கள் கண்ணுக்குக் கொண்டுவருபவர்கள் குறைவு.

அதற்குப் பொறுமை வேண்டும். பேராக்கின் ராயல் பெலும் பூங்காவில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் எமானுவேல் ரோந்தோ தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தி மாதக்கணக்கில் காத்திருந்தார். அப்படிக் கிடைத்த ஒரு புலியின் படம் 2024இல் வெளியாகிப் பேசப்பட்டது. தானியங்கிக் கேமரா என்றால், விலங்கு குறுக்கே வரும்போது அதன் உடல் சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே படமெடுக்கும் பெட்டி. மனிதன் அங்கே இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த மரத்தில், எந்த உயரத்தில், எந்தத் தடத்தை நோக்கிக் கட்டுவது என்பதை அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த ஓராங் அஸ்லி வழிகாட்டிகளைவிட அறிந்தவர்கள் கிடையாது. நகரத்திலிருந்து போகிறவர் முதலில் அவர்களிடம் மாணவராக உட்கார வேண்டும்.

இன்னொன்று, ஒழுக்கம். படத்துக்காகப் பறவைக் கூட்டை மூடியிருக்கும் இலைகளை வெட்டுவது, ஆந்தைக்கு எலியைக் கட்டி வைப்பது, ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டுப் பறவையை அலைக்கழிப்பது இவையெல்லாம் நடக்கின்றன. உலகப் புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் கண்டதால் விலக்கப்பட்டது. அதே போட்டியில் 2017இல் பரிசு பெற்ற ஒரு படத்தில் இருந்தது பஞ்சடைத்த எறும்புதின்னி என்று மறு ஆண்டு முடிவானது. படம் எடுத்த இடத்தைத் துல்லியமாக இணையத்தில் போட்டுவிடுவது இன்னும் ஆபத்து. அதைப் பார்த்து ரசிகனும் வருவான், கண்ணி வைப்பவனும் வருவான்.

அப்படியானால் அந்த மகன் என்ன செய்யலாம்? வேலையில் இருந்துகொண்டே ஒரு வருடம் ஒரே இடத்துக்குப் போகட்டும். தான்சானியாவும் வேண்டாம், அலாஸ்காவும் வேண்டாம். கோல சிலாங்கூர் சதுப்புநிலம் இருக்கிறது, கெப்போங் வன ஆய்வுக் கழகக் காடு இருக்கிறது. சனிக்கிழமை விடியற்காலையில் அதே பாதை, அதே மரம், மழையென்றாலும் கொசுவென்றாலும். இரண்டு மாதத்தில் சலித்துவிட்டால் அவருக்குப் பிடித்தது பயணம்தான், இந்தத் தொழில் அல்ல. பன்னிரண்டு மாதமும் போனார் என்றால், ஒரே பறவை கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சு பறந்தது வரை அவரிடம் ஒரு கதை இருக்கும். அந்தக் கதையை எடுத்துக்கொண்டு ஒரு பாதுகாப்பு அமைப்பின் கதவைத் தட்டட்டும். அதோடு ஆறு மாதக் குடும்பச் செலவு கையிருப்பில் இருந்தால் மட்டுமே அடுத்த பேச்சு. தாயார் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "எந்தக் காட்டுக்கு, எந்த விலங்குக்காக, யாரிடம் காட்டப் போகிறாய்?" பதில் இருந்தால் பிள்ளை யோசித்திருக்கிறான்.

படம் பிடிக்க வேண்டியவை நம் காலடியிலேயே இருக்கின்றன. தைப்பூசத்துக்குப் பத்துமலையின் 272 படிகளில் நாம் இலட்சக்கணக்கில் ஏறி இறங்குகிறோம். மேற்குகைக்குப் போகும் வழியில் இடப்பக்கம் இருட்டுக்குகை என்று ஒன்று உண்டு. பூமியில் மிகப் பழைமையான சிலந்திப் பரம்பரையைச் சேர்ந்த ஒரு பொறிக்கதவுச் சிலந்தி அதன் சுவரில் வாழ்கிறது. அறிவியல் பெயரிலேயே பத்துமலையைச் சுமந்திருக்கிறது. குகைச் சுவரில் குழல்போல் வளை கட்டி, வாயிலுக்கு ஒரு மூடியும் போட்டு, வெளியே நூல்களை விரித்து வைத்து, பூச்சியின் கால் அதில் பட்டதும் கதவைத் திறந்து பாயும். 2019இல் அந்தக் குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. காவடி தூக்கிய தோள்களுக்குச் சில அடி தூரத்தில் இருக்கும் அந்தச் சிலந்தியைப் பற்றித் தமிழில் படங்களோடு விரிவான ஒரு தொகுப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.